ஏழு மணி அம்மாவின் வீட்டு நம்பர்

அத்தியாயம் 14

ஐந்து நாளாக அந்த வீட்டில் அண்ணியும் நாத்தனாரும் பேசிக்கொள்ளவில்லை. ஆறாவது நாளும் பேசியிருக்க மாட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு பத்துக்கு ஹாலில் இருந்த டெலிபோன் அடித்து எல்லாவற்றையும் கெடுத்தது.

சண்டை எதற்கு என்று போன வாரம் விட்டுப்போனவர்களுக்கு ஒரு வார்த்தை. தான் வேலை பார்த்த டாக்ஸி கம்பெனியை இழுத்து மூடியதிலிருந்து, நாலு மாதமாக, சின்னவள் அண்ணன் வீட்டில் இருக்கிறாள். வயது நாற்பத்து மூன்று ஆகியும் அந்த வீட்டில் அவளுக்குச் சின்னவள் என்றுதான் பெயர். பதினெட்டு வருஷம் வயர்லெஸ் முன்னால் உட்கார்ந்து எண்பது வண்டிகளை மேய்த்தவள். எந்த டிரைவர் எந்தத் தெருவில் டீ குடித்துக்கொண்டு ‘டிராஃபிக்ல மாட்டிக்கிட்டேன் மேடம்’ என்று புளுகுகிறான் என்பது அவளுக்குக் குரலிலேயே தெரிந்துவிடும்.

அப்படிப்பட்டவள் சும்மா இருக்கிறாளே என்று அண்ணிக்கு மனசு பொறுக்கவில்லை. தன் டிவி சேனலில் வரவேற்பு வேலைக்குச் சொல்லிவைத்தாள். விண்ணப்பத்தை வாங்கிவந்து பாதியை அவளே நிரப்பியும் வைத்தாள். ‘படிப்பு’ என்ற கட்டத்தில் அழகாக, ‘பத்தாம் வகுப்பு’ என்று எழுதியிருந்தாள்.

உண்மைதான். ஆனால் எல்லா உண்மையையும் எல்லாரும் உரக்கப் படிக்க வேண்டுமா என்ன? கம்பெனியில் சின்னவள் டிகிரி என்றுதான் எல்லாரும் நினைத்திருந்தார்கள். அவளும் ‘இல்லை’ என்று ஒருநாளும் சொன்னதில்லை. தாளை நாலாகக் கிழித்தாள். “நான் கேட்டேனா உங்களை?” என்று ஒரு கத்துக் கத்தினாள். அதோடு சரி.

அதற்குப் பிறகு எல்லாப் பேச்சும் அண்ணன் வழியாகத்தான். அண்ணனுக்குப் பல் செட் செய்கிற தொழில். பின்கட்டு அறையில் கண்ணில் பூதக்கண்ணாடி மாட்டிக்கொண்டு, யார் யாருடைய வாய்க்கோ பல் ராவிக்கொண்டிருப்பார்.

“குடை எங்கேன்னு கேளுண்ணா.”

“கதவுக்குப் பின்னாடி இருக்குன்னு சொல்லுங்க.”

இரண்டு பேரும் ஒரே மேஜையில் எதிரெதிரே உட்கார்ந்துகொண்டுதான் இந்தக் கூத்து. அண்ணன் தலையை ஆட்டிவிட்டுப் பல்லை ராவப் போய்விடுவார்.

அன்றைக்கு அண்ணி வீட்டில் இல்லை. பத்தொன்பது வருஷமாக மாலை ஏழு மணிச் செய்தி வாசிக்கிறவள். தெருவில் அவளுக்கு ‘ஏழு மணி அம்மா’ என்று பெயர். ஞாயிற்றுக்கிழமை என்றால் ஏதாவது ஓர் ஊர்வேலை இருக்கும். ரத்ததான முகாம், பள்ளிக்கூடப் பேச்சுப்போட்டி, புது நூலகத்துக்கு ரிப்பன் வெட்டுவது. அங்கெல்லாம் கொடுத்த நினைவுக் கேடயங்களை வீட்டில் வைக்க இடமில்லை. அண்ணன் அவற்றின் மேல் பல் அச்சுக்களைக் காயவைத்துக்கொண்டிருந்தார். இன்றைக்குக் காலை ஐந்தரைக்கே ஓட்டப்பந்தயத்துக்குக் கொடியசைக்கப் போய்விட்டாள்.

சின்னவள் கொட்டாவியோடு ரிசீவரை எடுத்தாள்.

“வணக்கம்மா. நான் ரிட்டயர்டு பேராசிரியர். டிவியில பார்த்தேன். நாளைக்கு எழுதிக்குடுக்க நான் தயார்.”

“எதை எழுதிக்குடுக்கப் போறீங்க?”

“பரீட்சைம்மா!”

“ராங் நம்பர்” என்று வைத்தாள். வைத்த கையை எடுப்பதற்குள் மறுபடி அடித்தது. வங்கி அதிகாரி. அடுத்தது வக்கீல். நாலாவது ஆள் பேசும்போதே அவள் ஒரு கையால் டிவியைப் போட்டாள்.

அண்ணி திரையில் சிரித்துக்கொண்டிருந்தாள். “நாளை காலை பார்வையற்ற மாணவர்கள் கல்லூரித் தேர்வு எழுதுகிறார்கள். அவர்கள் சொல்லச் சொல்ல எழுதுவதற்கு இருபத்தாறு பேர் வேண்டும். உங்கள் மூன்று மணி நேரத்தைத் தாருங்கள். அழையுங்கள்…” என்று சொல்லிவிட்டு ஒரு நம்பரைச் சொன்னாள். கீழே அதே நம்பர் கொட்டை எழுத்தில் ஓடியது.

சின்னவள் தொப்பென்று சோபாவில் உட்கார்ந்தாள். அது இந்த டெலிபோனின் நம்பர்.

“அண்ணா! உன் பொண்டாட்டி நம்ம வீட்டு நம்பரை ஊருக்கே குடுத்துட்டாங்க!”

அண்ணன் கையில் யாருடையதோ மேல்வரிசைப் பல்லோடு ஓடிவந்தார். “என்ன சொல்றே? இது டாக்டருங்க பல் ஆர்டர் சொல்ற லைனாச்சே!”

ஏழரை மணிக்குத்தான் அண்ணி கைப்பையிலிருந்து செல்போனை எடுத்துப் பார்த்திருக்கிறாள். அண்ணனின் அழைப்பு பதினொன்று. அலறியடித்துக்கொண்டு கூப்பிட்டாள்.

“உன் நம்பர்… நம்ம நம்பர்… டிவியில…” என்று அண்ணன் திக்கினார்.

சின்னவளுக்குப் பொறுமை போய்விட்டது. செல்போனைப் பிடுங்கினாள். ஐந்து நாள் விரதம் முறிந்து அவள் வாயிலிருந்து வந்த முதல் வார்த்தை இதுதான்:

“அண்ணி, என்ன காரியம் பண்ணி வெச்சிருக்கீங்க? காலையிலேருந்து நாப்பது போன்!”

“ஐயோ! மைக் டெஸ்ட்!” என்றாள் அண்ணி.

விஷயம் இதுதான். ஒலிப்பதிவுக்கு முன்னால் மைக்கைச் சரிபார்க்க, ‘ஏதாவது பேசுங்க மேடம்’ என்பார்கள். மற்றவர்கள் ஒன்று இரண்டு மூன்று எண்ணுவார்கள். அண்ணி மட்டும் வீட்டு டெலிபோன் நம்பரைச் சொல்லுவாள். வேலைக்குச் சேர்ந்த முதல் நாள், பயத்தில் நாக்கு ஒட்டிக்கொண்டபோது தடுமாறாமல் வந்தது அது ஒன்றுதானாம். அன்றிலிருந்து அது பழக்கமாகிவிட்டது. வெள்ளிக்கிழமை இந்த விளம்பரத்தைப் பதிவுசெய்தபோது சேனலின் உதவி நம்பரை அப்புறம் சேர்த்துக்கொள்கிறோம் என்றார்கள். சேர்க்க உட்கார்ந்த புது ஆள், அதே பதிவில் மேடத்தின் குரலிலேயே ஒரு நம்பர் கிடக்கிறதே என்று சந்தோஷமாக வெட்டி ஒட்டிவிட்டான். கீழே எழுத்து ஓட்டுகிறவர் குரலைக் கேட்டு அதையே தட்டிவிட்டார்.

“உடனே மாத்தச் சொல்றேன். மன்னிச்சுக்கோ” என்றாள் அண்ணி.

“மாத்தினா எங்கே போகும்?”

“சேனல் உதவி எண்ணுக்கு.”

“ஞாயித்துக்கிழமை அங்கே யார் எடுப்பா?”

அண்ணி யோசித்தாள். “யாரும் இல்ல. மெஷின்தான் பேசும்.”

“அப்ப மாத்தாதீங்க” என்றாள் சின்னவள். ஏன் சொன்னோம் என்று அவளுக்கே விளங்கவில்லை. “இங்கே நான் எடுத்துக்கறேன். எத்தனை மணிக்குள்ள ஆள் வேணும்?”

“ராத்திரி எட்டரைக்குள்ள பட்டியல் குடுக்கணும். யாருக்கு ஆள் இல்லையோ அவங்க இந்த வருஷம் எழுத முடியாது. அடுத்த வருஷம்தான்.” அண்ணியின் குரல் கம்மியது. “வழக்கமா வர்ற பள்ளிக்கூடப் பிள்ளைங்களுக்கு நாளைக்கு அவங்க பரீட்சை. அதனாலதான் இந்தப் பாடு.”

காலை எட்டு மணிக்குள் சின்னவளின் நோட்டில் பதினாலு பேர். பேராசிரியர் மறுபடி கூப்பிட்டபோது அவரையும் சேர்த்துவிட்டாள். மூன்று எம்.ஏ., ஒரு டாக்டர், இரண்டு வக்கீல். அடேயப்பா, நாளைக்குப் பரீட்சை ஹாலில் ஒரு சர்வகலாசாலையே உட்காரப் போகிறது என்று பூரித்துப்போனாள்.

அப்போது கல்லூரியிலிருந்து தேர்வுப் பொறுப்பாளர் அம்மாள் கூப்பிட்டார்.

“பட்டியலைச் சொல்லுங்க பார்ப்போம்.”

சின்னவள் பெருமையாகப் படித்தாள். அந்த அம்மாள் நடுவிலேயே நிறுத்தினார்.

“எல்லாரையும் அடிச்சுடுங்க.”

“என்னது?”

“இது முதல் வருஷப் பரீட்சைம்மா. எழுதிக்குடுக்கறவங்க மாணவரைவிடக் கம்மியா படிச்சிருக்கணும். பள்ளிக்கூடத்தைத் தாண்டியிருக்கக் கூடாது. அதிகம் படிச்சவங்க பக்கத்துல உக்காந்தா விடையை அவங்களே சொல்லிக்குடுத்துடலாம் இல்லையா? அதான் விதி. விளம்பரத்துல இதைச் சொல்ல விட்டுப்போச்சு போல.”

ரிசீவரை வைத்த பிறகு சின்னவள் கொஞ்ச நேரம் அந்தப் பதினாலு பெயர்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஏழு மணிச் செய்தி பார்க்கிறவர்கள் எல்லாரும் மெத்தப் படித்தவர்கள். இந்த ஊரில் படிக்காதவனுக்கு எங்கே போவது? ‘படிக்காதவன்’ என்று நினைத்ததும் அவளுக்கே சுருக்கென்றது.

ஒவ்வொருவரையும் கூப்பிட்டு வேண்டாம் என்றாள். பேராசிரியர் கொதித்தார்.

“நான் படிச்சது ஒரு குத்தமாம்மா?”

“இன்னிக்கு மட்டும் குத்தம் சார்” என்றாள் சின்னவள். வயர்லெஸ் குரல் அவளுக்குத் தானாக வந்துவிட்டது. “சரி, கோவிச்சுக்காதீங்க. உங்களுக்கு முடி வெட்டறவர் யார்? துணி தைக்கறவர்? காலையில பேப்பர் போடறவர்? கையெழுத்து நல்லாருக்கற ஆள் ஒருத்தரைப் பிடிச்சுக் குடுங்க. எனக்கு ஆள் வேணும் சார், பட்டம் வேணாம்.”

பேராசிரியர் சன்னமாக, “எங்க அடுக்குமாடி வாட்ச்மேன் எழுத்து அச்சுப் போட்ட மாதிரி இருக்கும்” என்றார்.

“அவரை லைன்ல குடுங்க!”

அதற்கப்புறம் பிடித்தது வேகம். சின்னவள் பதினாலு படிப்பாளிகளையும் ஆள்பிடிக்கிற ஏஜெண்டாக்கிவிட்டாள். டாக்டர் தன் டிரைவரைக் கொடுத்தார். வக்கீலம்மா அழகு நிலையத்துப் பெண்ணைக் கொடுத்தாள். அந்தப் பெண் தன் அக்காவைக் கொடுத்தாள். தையல்காரர் ஒருவர், “நான் எட்டாவதுதான், பரவாயில்லையா?” என்று கூச்சத்தோடு கேட்டார். சின்னவள் அவரை ஒரு பாரா எழுதச் சொல்லி, அதைப் பக்கத்துக் கடைக்காரரிடம் காட்டச் சொல்லி, எழுத்து சரி என்று அந்தக் கடைக்காரர் வாயாலேயே போனில் கேட்ட பிறகுதான் சேர்த்தாள். யார் எந்தப் பஸ்ஸில் வர வேண்டும், எந்த நிறுத்தத்தில் இறங்கினால் கல்லூரிக் கதவு பக்கம் என்று ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொன்னாள். பொறுப்பாளர் அம்மாள் கொடுத்த மாணவர் பட்டியலை வைத்து யாருக்கு யார் என்று ஜோடி சேர்த்து, இன்றைக்கே போனில் பேசிக்கொள்ளச் சொன்னாள்.

அண்ணன் டீயைக் கொண்டுவந்து வைத்தார். அது ஆறி, ஆடை படிந்த பிறகு அவரே எடுத்துக்கொண்டு போனார்.

நாலு மாதமாக இந்த வீட்டில் ஒரு மூலையில் பழைய நாற்காலி போலக் கிடந்தவள் அவள். இன்றைக்கு அவளுக்கு மூச்சுவிட நேரமில்லை. சந்தோஷமாக இருந்தது. வெட்கமில்லாமல் சொன்னால், ரொம்ப ரொம்பச் சந்தோஷமாக இருந்தது.

பன்னிரண்டு மணிக்குப் பதினைந்து பேர். பன்னிரண்டே காலுக்கு டெலிபோன் அடிப்பது நின்றுபோயிற்று.

அண்ணி செல்போனில் வந்தாள். சேனலிலிருந்து பேசுகிறாள் என்பது பின்னால் கேட்ட இரைச்சலில் தெரிந்தது.

“எடிட்டருக்குத் தெரிஞ்சுபோச்சு. வீட்டு நம்பரை டிவியில போடறது விதிக்கு விரோதம்னு விளம்பரத்தையே தூக்கிட்டாரு. சாயங்காலச் செய்தியில தப்பான நம்பர் வந்துடுச்சு, வருந்துகிறோம்னு ஒரு வரி நான் வாசிக்கணுமாம். அவ்வளவுதான்.”

“நீங்க சொல்லிப் பார்த்தீங்களா?”

“சொன்னேன். ‘உங்க ஒப்பந்தம் இந்த வாரம் முடியுது, ஞாபகம் இருக்கா?’ன்னு கேட்டாரு.”

இதுவும் போன வாரம் பார்த்ததுதான். ஏழு மணிச் செய்திக்கு ஒரு புது முகத்தை ஒத்திகை பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். அண்ணிக்கு நாற்பத்தெட்டு வயது. டிவியில் ஆண்களுக்கு நரைத்தால் அனுபவம் என்பார்கள். பெண்களுக்கு நரைத்தால் புது முகம் தேடுவார்கள்.

“நீங்க உங்க வேலையைப் பாருங்க அண்ணி. இங்கே நான் பார்த்துக்கறேன்” என்றாள் சின்னவள்.

மூன்று மணி சுமாருக்கு ஒரு பெண் கூப்பிட்டுத் தன் பெயரைச் சொன்னாள். இளசான குரல், ஆனால் மிளகாய்க் காரம்.

“நான் நாளைக்குப் பரீட்சை எழுதறவ. எனக்கு ஆள் போட்டாச்சா?”

“உங்களுக்கு… ஆமா, ஒரு அழகு நிலையத்து அக்கா.”

“அவங்க இப்பத்தான் என்கிட்ட பேசினாங்க. நான் ஒரு வார்த்தை சொல்றதுக்குள்ள அவங்க பத்து வார்த்தை பேசறாங்க. வேணாம்.”

“அடுத்தது ஒரு டிரைவர் அண்ணன்…”

“அவரும் பேசினாரு. ‘கவலைப்படாதே பாப்பா, விட்டுப்போனதை நான் சேர்த்து எழுதறேன்’னு சொல்றாரு. போன வருஷம் இதே பரீட்சையில இப்படித்தான் ஒருத்தங்க என் விடையை ‘நல்லா’ மாத்தி எழுதி, ரெண்டு பேப்பர் போச்சு எனக்கு. நான் தப்பா சொன்னா தப்பா எழுதறவங்க வேணும். புரியுதா?”

சின்னவளுக்குச் சிரிப்பு வந்தது. இப்படிப்பட்ட வாடிக்கையாளர்களைப் பதினெட்டு வருஷம் பார்த்தவள். “புரியுது. உங்க வண்டி, நீங்க சொல்ற வழி. டிரைவர் குறுக்கு வழி போகக் கூடாது.”

அந்தப் பக்கம் குரல் இளகியது. “நீங்க சொன்னதைச் சரியா கேக்கறீங்க. நீங்களே வாங்களேன். எதுவரைக்கும் படிச்சிருக்கீங்க?”

சின்னவளுக்குப் பதினெட்டு வருஷத்துப் பழக்கம் நாக்கில் ஏறி உட்கார்ந்திருந்தது. யோசிப்பதற்குள் வந்துவிட்டது.

“நான் டிகிரி.”

“ச்சே! அப்ப நீங்க லாயக்கில்ல” என்று அந்தப் பெண் வைத்துவிட்டாள்.

சின்னவள் ரிசீவரைக் கையில் வைத்துக்கொண்டே நின்றாள். வாழ்க்கையில் முதல்முறையாக அந்தப் பொய் அவளை ஒரு வாசலுக்கு வெளியே நிறுத்தியிருந்தது. திரும்பக் கூப்பிடலாம். கூப்பிட்டு என்ன சொல்வது? அதுவும் பரீட்சை ஹால். பன்னிரண்டாவதில் முழு ஆண்டுப் பரீட்சைக்கு முந்தின நாள் பயத்தில் காய்ச்சலாக விழுந்து, அதற்கப்புறம் எந்த ஹாலுக்குள்ளும் கால் வைத்ததில்லை அவள். மேலுக்கு எத்தனை உருட்டினாலும், அந்தப் பயம் அப்படியே உள்ளே உட்கார்ந்திருந்தது. அடுத்த நம்பரைச் சுழற்றினாள்.

ஆறரை மணிக்கு இருபத்தொன்று. இன்னும் ஐந்து என்று அண்ணன் அண்ணிக்குச் செல்போனில் சொன்னார். ஏஜெண்டுகள் எல்லாரும் கையை விரித்துவிட்டார்கள்.

ஏழு மணிக்கு அண்ணனும் அவளும் டிவி முன்னால் உட்கார்ந்தார்கள். அண்ணி வழக்கம்போலத் தலைப்புச் செய்திகள் வாசித்தாள், விளையாட்டு வாசித்தாள், வானிலை வாசித்தாள். ஏழு இருபத்தேழுக்குக் கடைசியாக அந்த வரி வந்தது.

“இன்று காலை எங்கள் விளம்பரம் ஒன்றில் தவறான தொலைபேசி எண் ஒளிபரப்பாகிவிட்டது. அதற்காக வருந்துகிறோம்.”

அத்தோடு வணக்கம் சொல்ல வேண்டும். அண்ணி சொல்லவில்லை. கையிலிருந்த தாள்களை மேஜையில் வைத்தாள்.

“அது தப்பான நம்பர் இல்லைங்க. என் வீட்டு நம்பர்” என்றாள். பத்தொன்பது வருஷத்தில் அவள் திரையில் இப்படிச் சாதாரணமாகப் பேசி யாரும் கேட்டதில்லை.

“எங்க உதவி எண்ல இன்னிக்கு யாரும் இல்ல. எங்க வீட்ல இருக்காங்க. என் நாத்தனார் காலையில ஆறு மணியிலேருந்து எடுத்துக்கிட்டிருக்காங்க. இருபத்தொரு பேரைத் தேடிப் பிடிச்சுட்டாங்க. எனக்கு அந்தச் சாமர்த்தியம் வராது. எழுதிக்குடுத்தா வாசிப்பேன், அவ்வளவுதான். இன்னும் அஞ்சு பேர் வேணும். பள்ளிக்கூடத்தோட படிப்பை நிறுத்தினவங்கதான் வேணும். அதைச் சொல்லிக்க நம்மள்ல பல பேருக்குக் கூச்சமா இருக்கும். தெரியும். நாளைக்கு உங்களை விட்டா அந்தப் பிள்ளைங்களுக்கு ஆள் இல்ல. வாங்க.”

நம்பரைச் சொன்னாள். மைக் டெஸ்டில் சொல்கிற அதே சீரில், தடுமாறாமல் சொன்னாள்.

அண்ணன் பூதக்கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். “போச்சு. வேலை போச்சு” என்றார். ஆனால் முகமெல்லாம் சிரிப்பு.

ஊருக்குச் சொன்னாளா, சின்னவளுக்குச் சொன்னாளா இந்த அண்ணி? அதை யோசிக்கவும் நேரமில்லை. டெலிபோன் அலற ஆரம்பித்தது.

மீன் கடைக்காரி ஒருத்தி. பஸ் கண்டக்டர் ஒருவர். “ஒன்பதாவதோட நின்னேன், எழுத்து மட்டும் முத்து முத்தா இருக்கும்” என்று ஒரு பெரியவர். எட்டு மணிக்கு இருபத்தைந்து ஆகிவிட்டது. மிச்சம் அந்த மிளகாய்ப் பெண் ஒருத்திதான். கொடுத்த ஆறு பேரிடமும் பேசிப் பார்த்து வேண்டாம் என்று சொல்லியிருந்தாள்.

எட்டு பத்து. சின்னவள் அவள் நம்பரைச் சுழற்றினாள்.

“நான்தான். மத்தியானம் பேசினேனே. உன்கிட்ட ஒரு பொய் சொல்லிட்டேன்ம்மா.”

“என்ன பொய்?”

வாசல் கதவு திறக்கிற சத்தம் கேட்டது. அண்ணி முகத்தில் மேக்கப்போடு, செருப்பைக்கூடக் கழற்றாமல் ஹால் ஓரத்தில் வந்து நின்றாள். சின்னவள் அவளைப் பார்த்தாள். பார்த்துக்கொண்டே பேசினாள்.

“நான் டிகிரி இல்ல. பத்தாவது பாஸ். பன்னெண்டாவது பரீட்சைக்குப் போகவே இல்ல. எனக்குப் பரீட்சைன்னாலே பயம். எல்லார்கிட்டயும் சொல்ற பொய்யை உன்கிட்டயும் சொல்லிட்டேன். வெக்கமா இருக்கு.”

“பரீட்சை எனக்குத்தானே? நீங்க ஏன் பயப்படறீங்க?” என்றாள் அந்தப் பெண். “கையெழுத்து எப்படி?”

“பதினெட்டு வருஷம் வண்டி நம்பரும் தெருப் பேரும் எழுதியிருக்கேன். அழகா இருக்காது. ஆனா யாரும் தப்பா படிச்சதில்ல.”

“நான் தப்பா சொன்னா?”

“தப்பாவே எழுதுவேன்.”

“நடுவுல நான் கொஞ்ச நேரம் சும்மா யோசிச்சா?”

“வாயைத் திறக்க மாட்டேன்.”

“காலையில ஒன்பது மணிக்கு வந்துடுங்க. லேட் பண்ணினா திட்டுவேன்” என்று சொல்லி அவள் வைத்துவிட்டாள்.

எட்டு இருபதுக்குச் சின்னவள் பொறுப்பாளர் அம்மாளுக்குப் பட்டியலை வரிசையாகச் சொன்னாள். இருபத்தாறாவதாகத் தன் பெயரையும், முகவரியையும், தன் படிப்பையும் சொன்னாள். அந்த அம்மாள் திருப்பிப் படித்துவிட்டு, “இருபத்தாறுக்கு இருபத்தாறு. பிள்ளைங்ககிட்ட இப்பவே போய்ச் சொல்றேன், எல்லாரும் சாப்பிடாம உக்காந்திருக்காங்க” என்று ஓடினார்.

அண்ணி மெதுவாக வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள்.

“அன்னிக்கு உன்னைக் கேக்காம நிரப்பினது என் தப்பு.”

“தப்புதான்” என்றாள் சின்னவள். பிறகு அண்ணியின் தோளில் சாய்ந்து ஒரு மூச்சு அழுதாள். அண்ணியும் அழுதாள். மேக்கப் கோடு கோடாக இறங்கியது. “பெயிண்ட் அழியுது பாருங்க” என்று சின்னவள் தன் கையாலேயே துடைத்துவிட்டாள்.

“எடிட்டர் என்ன சொன்னாரு அண்ணி?”

“ஒண்ணும் சொல்லல. நாளைக்குக் காலையில ஒன்பது மணிக்கு வந்து பார்க்கச் சொல்லி ஒரு சீட்டு மட்டும் குடுத்தனுப்பினாரு. புது முகத்தையும் அதே நேரத்துக்கு வரச் சொல்லியிருக்காராம்.”

“பயமா இருக்கா?”

“இருக்கு. உனக்கு?”

“இன்னிக்குத் தூங்கின மாதிரிதான்” என்றாள் சின்னவள்.

அண்ணி அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். “நான் வந்து உன்னை ஹால் வாசல் வரைக்கும் விட்டுட்டு, நீ உள்ளே போய் உக்காந்ததைப் பார்த்துட்டு, அப்புறம் சேனலுக்குப் போறேன்.”

“ஐயோ, உங்களுக்கு லேட்டாயிடும் அண்ணி! ஏற்கனவே அந்த மனுஷன் கோவத்துல இருக்காரு.”

“இருக்கட்டும்” என்றாள் ஏழு மணி அம்மா. “இந்தப் பத்தொன்பது வருஷத்துல நான் ஒருநாள்கூட லேட்டாப் போனதில்ல. நாளைக்குப் போறேன்.”